அழற்சி கண்ட குடலுக்கு நானோதுகளில் மருந்து அனுப்புதல்: ஆய்வகத்தில் முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

மருந்தாக்கவியலில் முதுநிலை ஆய்வு செய்யும் மாணவர்கள் குடல் அழற்சி நோய்க்கான நானோதுகள்களைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் பாலிமரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தப் பாலிமர் கையிருப்பில் உள்ளது, எந்த மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது என்று பார்த்துத் துகளைச் செய்து முடித்துவிட்டு, அது போய்ச் சேரவேண்டிய குடலைப் பற்றி அதன் பிறகே யோசிக்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. நோய் கண்ட குடல் எப்படி இருக்கிறது என்பதுதான் துகளின் அளவையும், மின்னூட்டத்தையும், மருந்து வெளிவரும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண்ணை அந்தக் குடலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகவேண்டும்.

பயிற்சிக்கான மருந்தாகக் குர்குமினை எடுத்துக்கொள்கிறேன். மஞ்சளின் நிறப்பொருளான அது தண்ணீரில் கரையாது, கண்ணுக்குத் தெரியும், விலை குறைவு. ஆகவே எங்கே தவறு நேர்ந்தாலும் மஞ்சள் நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானில் நடந்து 2006ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், நோய் அடங்கிய நிலையில் இருந்த அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளிகள் வழக்கமான மருந்தோடு சேர்த்து நாளுக்கு 2 கிராம் குர்குமினை ஆறு மாதம் எடுத்துக்கொண்டபோது, 43 பேரில் 2 பேருக்கு மட்டுமே நோய் திரும்பியது. வெற்று மருந்து எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. இது ஆய்வகத்துக்கான வழிகாட்டி மட்டுமே. நோயாளிகள் தங்கள் மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

முதலில் குடல்

குடல் அழற்சி நோய் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் அடங்கியுள்ளன. அல்சரேட்டிவ் கொலைடிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவும். அதன் புண் பெரும்பாலும் உட்புறச் சளிச்சவ்வோடு நின்றுவிடும். 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகியோர் விவரித்த குரோன்ஸ் நோயோ, வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டுத் தோன்றும். சிறுகுடலின் கடைப்பகுதியை அதிகம் தாக்கும். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். இரண்டில் எதற்காகத் துகள் செய்கிறீர்கள் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால், வாய்வழியாக ஏழெட்டு மீட்டர் பயணம் செய்யும் துகள் எதற்கு? எனிமாவாகக் கொடுக்கக்கூடிய துகள் போதும், அதற்கு அமிலத்தைத் தாங்கும் பாலிமரும் தேவைப்படாது.

வாய்வழி மருந்தைப் பெருங்குடலில் அவிழ்ப்பதற்குப் பழக்கத்தில் உள்ள பூட்டு அமில-கார அளவான பி.எச்.தான். இரைப்பையில் 1 முதல் 2 வரை இருக்கும் பி.எச்., முன்சிறுகுடலில் 6 அளவுக்கு ஏறி, சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறத்தாழ 7.4ஐத் தொடுகிறது, பெருங்குடலின் தொடக்கத்தில், பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைப்பதால், மறுபடியும் 6க்கு அருகே இறங்கிவிடுகிறது. யூட்ராகிட் எஸ்100 என்ற பாலிமர் பி.எச். 7க்கு மேல் கரைவதால், சிறுகுடல் முடியும் இடத்தில் அது திறந்துகொள்ளும் என்பது கணக்கு. ஆரோக்கியமான குடலில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். நோய் தீவிரமாக உள்ள பெருங்குடலில் பி.எச். 5க்கும் கீழே போனதாக அளவீடுகள் உள்ளன. வயிற்றுப்போக்கினால் துகள் அங்கே தங்கும் நேரமும் குறைந்துவிடும். சிறுகுடலின் கடைசியில் கிடைக்கும் குறுகிய நேரத்துக்குள் பூட்டு திறக்காவிட்டால், அதற்குப் பிறகு அது திறக்காமலேயே வெளியேறிவிடலாம்.

பாக்டீரியாவையே சாவியாக வைப்பது இன்னொரு வழி, அது பி.எச். பூட்டைவிடப் பழையது. சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் 1930களின் பிற்பகுதியில் மூட்டு அழற்சிக்காகச் சல்ஃபாசலசீனை உருவாக்கப்போய், அது அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கும் உதவுவதைக் கண்டார். அந்த மூலக்கூறின் நடுவில் உள்ள அசோ பிணைப்பைப் பெருங்குடல் பாக்டீரியாவின் நொதிதான் வெட்டுகிறது. வெட்டுண்டு கிடைக்கும் இரு பாதிகளில் குணப்படுத்துவது 5-அமினோசாலிசிலிக் அமிலம்தான் என்பதை ஆசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் ஆகிய மூவரும் 1977இல் எனிமா மூலம் காட்டினர். பெக்டின், கொத்தவரைப் பிசின், கைட்டோசான், எளிதில் செரிக்காத மாவுச்சத்து ஆகியவற்றையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் இதேபோல் தின்றுவிடும். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம், பி.எச். பாலிமரை மட்டும் நம்பாமல் அதோடு இத்தகைய ஒரு பொருளையும் கலக்கச் சொல்கிறேன். ஒரு பூட்டு திறக்காத நோயாளியிடம் மற்றது திறக்க வாய்ப்பு உண்டு. லண்டனில் அப்துல் பசித் குழுவினர் மாத்திரைப் பூச்சில் இந்த இரட்டைச் சாவி முறையைத்தான் கையாண்டார்கள்.

அளவும் மின்னூட்டமும்

இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்கள் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து 2001இல் வந்தவை. லாம்ப்ரெக்ட், ஷேஃபர், லேர் ஆகியோர் ஒளிரும் பாலிஸ்டைரீன் துகள்களை மூன்று அளவுகளில் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, அழற்சி கண்ட பெருங்குடலில் எவ்வளவு ஒட்டியது என்று பார்த்தனர். 10 மைக்ரோமீட்டர் துகளில் கொடுத்த எடையில் 5.2%, 1 மைக்ரோமீட்டரில் 9.1%, 0.1 மைக்ரோமீட்டரில் 14.5% ஒட்டியிருந்தது; நோயற்ற எலிகளில் எந்த அளவானாலும் 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அழற்சி கண்ட இடத்தில் சளி அதிகம் சுரப்பதும், செல்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்வதும், மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள் வந்து குவிவதும் சிறிய துகளுக்குச் சாதகமாகின்றன என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் மனிதரிடம் இதைப் பார்த்தபோது கதை மாறியது. 2013இல் வெளியான ஆய்வில், பி.எல்.ஜி.ஏ. என்ற, உடலில் சிதையும் பாலிமரால் செய்த ஏறத்தாழ 250 நானோமீட்டர் துகள்களையும் 3 மைக்ரோமீட்டர் துகள்களையும் குடல் அழற்சி நோயாளிகளின் மலக்குடல் வழியாகச் செலுத்திப் பார்த்ததில், புண்ணில் தெளிவாகச் சேர்ந்தவை மைக்ரோதுகள்கள்தாம். நானோதுகள்கள் சளிச்சவ்வில் சொற்பமாகவே தென்பட்டன. நானோதுகள்கள் புண்ணைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டனவா, ஒட்டாமலே போய்விட்டனவா என்பது தனி விவாதம். உங்கள் அறிமுக அத்தியாயத்தில் 2001ஆம் ஆண்டின் எலி எண்களை எழுதும்போது, 2013ஆம் ஆண்டின் மனித முடிவையும் அதே பத்தியில் எழுதுவது நேர்மை. எலிக்கு 14.5% என்பதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

மின்னூட்டத்திலும் இதே இழுபறிதான். சளியில் உள்ள மியூசின் எதிர்மின் தன்மையுடையது. எனவே நேர்மின் துகள், உதாரணமாகக் கைட்டோசான் பூசியது, சளியில் ஒட்டிக்கொள்ளும். சளி நகர்ந்து வெளியேறும்போது துகளும் அதோடு போய்விடும். சளி அரித்துப்போன புண்ணிலோ நேர்மின் புரதங்கள் சேர்ந்திருப்பதால், எதிர்மின் துகள் அங்கே தங்குகிறது. சளியில் சிக்காமல் ஊடுருவ வேண்டுமானால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு உதவும். புண்ணையே குறிவைக்கும் முதல் முயற்சிக்கு 150 முதல் 250 நானோமீட்டர் அளவும், மிதமான எதிர்மின்னூட்டமும் போதுமானவை.

துகள் செய்தல்

ஃபெஸ்ஸி குழுவினர் 1989இல் வெளியிட்ட நானோ வீழ்படிவு முறையே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. பாலிமரும் மருந்தும் கரைந்த அசிட்டோனை, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பரப்புப்பொருள் கலந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடும்போது, அசிட்டோன் தண்ணீரோடு கலந்து விலகிச் செல்ல, கரைய இடமில்லாத பாலிமர் மருந்தையும் சேர்த்துக்கொண்டு நுண்துகளாக உறைந்துவிடும். அதிவேகக் கலக்கியோ ஒலியலைக் கருவியோ வேண்டியதில்லை.

அந்தப் பரப்புப்பொருளான பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசலை முந்தைய நாளே தயார் செய்யுங்கள். 1% செறிவுக்கு, 100 மி.லி. குளிர்ந்த நீரில் 1 கிராம் பொடியைக் கிளறிக்கொண்டே தூவி, முழுதும் நனைந்த பிறகு 85 டிகிரி வரை சூடாக்குங்கள். கேழ்வரகுக் கூழுக்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் ஏற்றுவது எதற்காகவோ, அதே காரணம்தான் இங்கும்: சுடுநீரில் நேராகக் கொட்டினால் வெளியே பிசினும் உள்ளே பொடியுமாகக் கட்டி தட்டிவிடும். ஆறியதும் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். இந்த நீரின் பி.எச். 6க்குக் கீழே இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காரத்தன்மை ஏறினால் யூட்ராகிட் கரையத் தொடங்கும், குர்குமினும் சிதையும்.

அடுத்தது அசிட்டோன் கரைசல்; இந்தப் பயிற்சிச் செய்முறையில் பி.எச். பூட்டு மட்டுமே உண்டு. 50:50 விகித பி.எல்.ஜி.ஏ. 50 மி.கி., யூட்ராகிட் எஸ்100 50 மி.கி., குர்குமின் 10 மி.கி. ஆகியவற்றை 5 மி.லி. அசிட்டோனில் கரைக்க வேண்டும். இங்கே பலரும் ஒரு மணி நேரம் கிளறியும் யூட்ராகிட் வழவழப்பான திட்டாக அடியில் கிடப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். சுத்தமான உலர்ந்த அசிட்டோனில் அது சரியாகக் கரையாது. ஏறத்தாழ 3% தண்ணீர் சேர்ந்தால் தெளிந்துவிடும். ஆகவே 4.85 மி.லி. அசிட்டோனும் 0.15 மி.லி. தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனாலுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும், பி.எல்.ஜி.ஏ. எத்தனாலில் கரையாது என்பதால் அந்த வழி அடைபட்டது. குப்பியை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது.

20 மி.லி. பி.வி.ஏ. கரைசலை மேக்னெடிக் ஸ்டிரரில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் சுழலவிட்டு, சிரிஞ்ச் பம்ப் மூலம் நிமிடத்துக்கு 0.5 மி.லி. வீதம், ஊசி முனை நீருக்குள் மூழ்கியிருக்கும்படி செலுத்துங்கள். முதல் சில துளிகளிலேயே நீர் பால்போல் மங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சளுக்குள் ஒரு நீலச் சாயல் தெரியும். அந்தச் சாயல் துகள் சிறிதாக விழுகிறது என்பதற்கு அடையாளம். மோர் திரிந்ததுபோல் திப்பிதிப்பியாகத் தெரிந்தால் பம்பை நிறுத்திவிட்டு, பாலிமர் செறிவைக் குறைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். முழுதும் செலுத்திய பிறகு, புகைக்கூண்டுக்குள் மூடியில்லாமல் ஐந்து மணி நேரம் கிளறவிட்டால் அசிட்டோன் ஆவியாகிவிடும். டைகுளோரோமீத்தேனைத் தவிர்த்து அசிட்டோனை வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்தில் எஞ்சக்கூடிய கரைப்பான்களுக்கு ஐ.சி.எச். என்ற பன்னாட்டு மருந்துத் தர அமைப்பு வைத்துள்ள வரம்பு அசிட்டோனுக்கு 5,000 பி.பி.எம்., டைகுளோரோமீத்தேனுக்கு வெறும் 600 பி.பி.எம்.

இப்போது நேராக அதிவேக சென்ட்ரிஃபியூஜுக்குப் போய்விடாதீர்கள். துகளுக்குள் நுழையாத குர்குமின் தண்ணீரில் கரைந்து கிடக்காது, படிகமாக விழுந்திருக்கும். அதிவேகத்தில் சுழற்றினால் படிகமும் துகளும் ஒன்றாக அடியில் படியும், மேல் நீர் தெளிவாக இருக்கும். மேல் நீரில் மருந்து இல்லையே, அப்படியானால் 98% உள்ளே போய்விட்டது என்று எழுதிவிடுவோம். வெளியான கட்டுரைகளில் காணப்படும் பல பிரமாதமான சதவீதங்கள் இப்படிப் பிறந்தவையாகவே இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். எனவே முதலில் 500 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுழற்றி, அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளியாகப் படியும் படிகத்தைத் தள்ளிவிட்டு, மேலே உள்ள பால் போன்ற திரவத்தை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி, 15,000 ஜி, 4 டிகிரியில் அரை மணி நேரம் சுழற்றுங்கள். இரண்டு முறை நீரில் கழுவுங்கள். குறிப்பேட்டில் நிமிடச் சுற்று எண்ணிக்கையை எழுதாமல் ஜி அளவையே எழுதுங்கள். ரோட்டர் மாறினால் சுற்று எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

உறைநிலை உலர்த்தலுக்கு முன், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை 5% சேருங்கள். நான் முதன்முறை செய்தபோது இதை வீண் செலவு என்று விட்டுவிட்டேன். மறுநாள் லயோஃபிலைசர் என்ற உறைநிலை உலர்த்தியிலிருந்து அழகான மஞ்சள் பஞ்சு போன்ற பொருள் வந்தது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கியபோது அது கரையாமல் கண்ணாடிச் சுவரில் மணல்போல் ஒட்டிக்கொண்டது; 190 நானோமீட்டராக இருந்த துகள் மைக்ரோமீட்டரைத் தாண்டியிருந்தது. மூன்று வார உழைப்பு அந்தக் குப்பியோடு போயிற்று. உலர்த்துவதற்கு முன்னும் மறுபடி கரைத்த பின்னும் அளவை எடுத்து, இரண்டின் விகிதம் 1க்கு அருகே இருந்தால் மட்டுமே அந்தத் தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்து பார்த்தல்

ஒளிச் சிதறலால் துகளின் அளவைக் காணும் டி.எல்.எஸ். கருவியில், சராசரி அளவோடு, அளவுகள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் பி.டி.ஐ. மதிப்பையும் பாருங்கள், 0.2க்குக் கீழே இருந்தால் துகள்கள் ஓரளவு ஒரே அளவில் உள்ளன. துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா பொட்டன்ஷியலை வெறும் தண்ணீரில் எடுக்காமல், குறிப்பிட்ட உப்புச் செறிவிலும் பி.எச். அளவிலும் எடுத்து, அந்த இரண்டையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பி.வி.ஏ. துகளின் மேல் போர்வைபோல் கிடப்பதால், மின்னூட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிவது இயல்பு. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் அவசியம், ஆனால் அதில் நல்ல மூலையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மருந்தின் அளவுக்கு, எடை பார்த்த பொடியை முதலில் கொஞ்சம் அசிட்டோனில் கரைத்து, மெத்தனாலில் நீர்த்து, 425 நானோமீட்டர் அலைநீளத்தில் நேரடியாக அளவிடுங்கள். கடையில் வாங்கும் குர்குமின் ஒரே பொருள் அல்ல. அதன் நெருங்கிய உறவுப் பொருள்களான டெஸ்மெத்தாக்ஸி வகைகள் இரண்டும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே முடிந்தால் கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி மூலம் பார்ப்பதே சரி. ஓர் உதாரணக் கணக்கு: 10 மி.கி. குர்குமின் போட்டு, துகளில் 7 மி.கி. கிடைத்தால் உட்பிடிப்பு 70%. ட்ரெஹலோஸைக் கழித்து மொத்தத் துகள் எடை 80 மி.கி. என்றால், மருந்துச் சுமை 8.75%. உட்பிடிப்பு சதவீதத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுச் சுமையை எழுதாமல் விடுவது வழக்கமாகிவிட்டது; சிகிச்சைக்கு எது முக்கியம் என்பதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

மருந்து வெளிவரும் சோதனை

37 டிகிரியில், பி.எச். 1.2 பஃபரில் இரண்டு மணி நேரம், 6.8இல் மூன்று மணி நேரம், பிறகு 7.4இல் ஒரு நாள் வரை என்பது வழக்கமான வரிசை. இதோடு 7.4க்குப் பிறகு 5.5க்கு இறக்கும் இன்னொரு வரிசையையும் செய்யுங்கள்; நோயாளியின் பெருங்குடல் அப்படித்தான் இருக்கக்கூடும். குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதால், பஃபரில் 0.5% ட்வீன் 80 என்ற பரப்புப்பொருள் இல்லாவிட்டால் வெளிவந்த மருந்துக்குப் போக இடமிருக்காது. துகளை உள்ளே இட்டு பஃபரில் வைக்கும் டயாலிசிஸ் பையும் ஒரு தடைதான்; ஆகவே துகளில் அடைக்காத குர்குமினை அதே பையில் வைத்து ஓர் ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம் வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு பட்டவுடன் அது சிவந்துவிடுவதைப் பார்த்திருப்போம். குர்குமின் காரத்தை அந்த அளவுக்கு உணரும். பி.எச். 7.2 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில், குர்குமினில் 90 சதவீதம் அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும் என்பது 1997லேயே அளக்கப்பட்டது. அதாவது ஒருநாள் சோதனையில் நீங்கள் வெளியே காண்பது, வெளிவந்ததிலிருந்து சிதைந்தது போக மிஞ்சிய பங்கு மட்டுமே. ட்வீன் சிதைவைக் குறைக்கும், நிறுத்தாது. வரைபடம் 40 சதவீதத்தில் தட்டையாகிவிட்டால் உடனே "நீடித்த வெளியீடு" என்று எழுதிவிடாமல், பைக்குள் மிஞ்சியதையும் கரைத்து அளந்து, உள்ளே உள்ளதும் வெளியே உள்ளதும் கூட்டினால் போட்ட அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மீதி சிதைந்துவிட்டது. மாவுச்சத்தோ பெக்டினோ கலந்திருந்தால், எலியின் பெருங்குடல் தொடக்கப் பையின் உள்ளடக்கத்தை ஆக்சிஜன் இல்லாத சூழலில் கலந்து செய்யும் சோதனை மட்டுமே பாக்டீரியாச் சாவி வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும்.

செல் சோதனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குடல் செல்களுக்கு மாதிரியாக வளர்க்கப்படும் காகோ-2 செல்களை மட்டும் வைத்தால் அங்கே சளி இருக்காது. சளி சுரக்கும் எச்.டி.29-எம்.டி.எக்ஸ். செல்களையும் சேர்த்து வளர்க்க வேண்டும். குர்குமின் தானே ஒளிரும் தன்மையுடையது; எனவே பச்சை ஒளி தெரிந்ததும் துகள் செல்லுக்குள் போய்விட்டது என்று முடிவுகட்டாமல், பாலிமரில் பிணைத்த வேறு நிறச் சாயத்தையும் வைத்துப் பாருங்கள்.

சுண்டெலியில் சோதித்தல்

விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதல் கைக்கு வந்த பிறகே விலங்குகளுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். சி57பிஎல்/6 சுண்டெலிகளுக்குக் குடிநீரில் 2.5 முதல் 3% டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் (டி.எஸ்.எஸ்.) ஏழு நாள் கொடுத்தால் பெருங்குடல் அழற்சி வரும். 36,000 முதல் 50,000 மூலக்கூறு எடை கொண்டதையே வாங்குங்கள். தொகுதி எண் மாறினால் வீரியமும் மாறும் என்பதால், ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தன என்பதைத் தினமும் குறியுங்கள். மருந்து கொடுத்த கூண்டில் எலிகள் குறைவாகத் தண்ணீர் குடித்திருந்தால், நோய் குறைந்ததற்குக் காரணம் உங்கள் துகளாக இருக்காது.

குழுக்கள் குறைந்தது ஐந்து: நோயற்றவை, நோய் மட்டும், துகளில் அடைக்காத மருந்து, வெற்றுத் துகள், மருந்துத் துகள். வெற்றுத் துகள் குழுவைச் செலவு கருதி விடுபவர்கள் உண்டு. அதை மட்டும் விடாதீர்கள். பாலிமரும் பரப்புப்பொருளும் குடலில் தாமாகவே ஏதாவது செய்யக்கூடியவை. அழற்சி தொடங்கும் முன்பே மருந்து கொடுப்பது தடுப்பு, தொடங்கிய பின் கொடுப்பதுதான் சிகிச்சை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக்கூடாது.

தினமும் ஒரே நேரத்தில் எடை, மலத்தின் இளக்கம், இரத்தக்கசிவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுங்கள். இடுபவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. இறுதி நாளில் பெருங்குடலை எடுத்து, இழுக்காமல், ஈரமான தாளில் தானாகப் படியவிட்டு நீளம் பாருங்கள்: நோயற்றதில் ஏறத்தாழ 8 செ.மீ. இருக்கும் குடல், அழற்சியில் 5 அல்லது 6 செ.மீ. ஆகச் சுருங்கும். விரலால் லேசாக இழுத்தாலே அரை செ.மீ. கூடிவிடும், அந்த அரை செ.மீ.தான் பல கட்டுரைகளின் முடிவு. மரபணு வெளிப்பாட்டைப் பி.சி.ஆர். மூலம் பார்ப்பதாக இருந்தால், திசுவில் தங்கிய டி.எஸ்.எஸ். அந்த வினையைத் தடுத்துவிடும், ஆர்.என்.ஏ.வை லித்தியம் குளோரைடால் மறுபடி தூய்மை செய்த பிறகே தொடருங்கள்.

இனி, பெரும்பாலான ஆய்வேடுகள் தொடாத ஒரு கேள்வி. பி.எச். 7க்கு மேல் கரையும் யூட்ராகிட் எஸ்100, சுண்டெலியின் குடலில் கரையுமா? மெக்கானல், பசித், முர்தான் ஆகியோர் 2008இல் அளந்து வெளியிட்டபடி, சுண்டெலியின் இரைப்பை பி.எச். 3 முதல் 4 வரை. அதன் குடலின் சராசரியோ 5.2ஐக்கூடத் தொடவில்லை. எலியில் 6.6க்கும் கீழே. அப்படியானால் சுண்டெலியில் மருந்து வெளிவந்ததற்குக் காரணம் துகள் மெல்லக் கசிந்ததாகவோ, நீர் உறிஞ்சி வீங்கியதாகவோ இருக்கலாமே தவிர, நாம் வரைந்து காட்டிய பி.எச். பூட்டு திறந்ததாக இருப்பது கடினம். உங்கள் விலங்கிலேயே இதைச் சோதித்துவிடலாம்: மருந்து கொடுத்து இரண்டு, நான்கு, எட்டு மணி நேரங்களில் குடலை ஐந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலும் நுண் மின்முனையால் பி.எச். எடுத்து, அதே துண்டில் துகளுக்குள் உள்ள குர்குமினையும் வெளியே உள்ளதையும் தனித்தனியே அளவிடுங்கள். இந்த ஒரு அட்டவணை, பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும்.

மனிதருக்கான கணக்கு

20 கிராம் சுண்டெலிக்குக் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் குர்குமின் கொடுக்க 1 மி.கி. தேவை. 8.75% சுமையில் அது 11.4 மி.கி. துகள், குழாய் வழியாகக் கொடுக்கக்கூடிய 0.2 மி.லி. நீரில் அதைக் கலக்கினால் இட்லி மாவு பதத்துக்கு அருகே போய்விடும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். இதுவே மனிதரானால், ஜப்பானிய ஆய்வின் 2 கிராம் குர்குமினைக் கொடுக்க நாளுக்கு ஏறத்தாழ 23 கிராம் துகள்பொடியை விழுங்க வேண்டும். துகளில் அடைத்தால் அளவு குறையும் என்று வாதிடலாம்; எத்தனை மடங்கு குறையும் என்பதை உங்கள் எலிச் சோதனையில் இரண்டு மூன்று அளவுகளில் கொடுத்துக் காட்டாதவரை அது வாதம் மட்டுமே. அட்லாண்டாவில் டிடியே மெர்லின் குழுவினர் கே.பி.வி. என்ற மூன்று அமினோ அமிலப் பெப்டைடைத் துகளில் வைத்து ஜெல்லுக்குள் கொடுத்தபோது, கரைசலாகக் கொடுத்ததைவிட 12,000 மடங்கு குறைந்த செறிவே சுண்டெலியில் போதுமானதாக இருந்தது என்று 2010இல் காட்டினர். அப்படி அளந்து காட்டுவதே முறை.

ஆகவே குர்குமினில் கை பழகிய பிறகு, அதே முறையில் பியூடெசோனைடுக்கு மாறுங்கள். குடல் அழற்சிக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள அந்த ஸ்டீராய்டின் வழக்கமான நாளளவு 9 மி.கி.; இதே சுமையில் அதற்குத் தேவைப்படும் துகள் ஏறத்தாழ 103 மி.கி., ஒரு கேப்சூலுக்குள் அடங்கிவிடும். அது அசிட்டோனில் கரையும், காரத்தில் குர்குமின்போல் உடனே சிதையாது. மஞ்சள் நிறம் காட்டிக்கொடுக்கும் வசதி மட்டும் இனி இருக்காது. படிகம் வெள்ளையாக, துகளிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி படியும் என்பதால், மெதுவான சென்ட்ரிஃபியூஜ் படியைத் தவறாமல் செய்து, அடியில் படிந்ததை நுண்ணோக்கியில் பாருங்கள். எச்.பி.எல்.சி. கருவியில் 244 நானோமீட்டர் அலைநீளத்தில் அருகருகே இரண்டு முகடுகள் தோன்றும். இரண்டாவது முகடு கலப்படமோ சிதைவோ அல்ல. பியூடெசோனைடு இயல்பாகவே இரண்டு எபிமர்களின், அதாவது ஓரிடத்தில் மட்டும் அமைப்புத் திசை மாறிய இரண்டு வடிவங்களின், கலவை. இரண்டு முகடுகளின் பரப்பையும் கூட்டியே மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும்.